ரொல்கீன் காட்டும் உலகில் படைப்பும் மந்திரமும்

உலகம் எங்ஙனம் தோன்றியது, அதனைத் தோற்றுவித்தோர் யாவர் என்னும் வினாக்களுக்கு விடையாகக் கதை வழங்காத மக்களினத்தைக் காண்டல் அரிது. அக்கதைகள் பெயரறியப்படாத முன்னோர் பலரின் நாவில் வழங்கிப் பல தலைமுறைகளில் திரண்டு உருப்பெற்றவை. ஒரு தனி மனிதர் தாம் கற்பித்த உலகொன்றிற்குத் தெய்வங்களையும், அத்தெய்வங்களுக்கு வரலாற்றையும், அவ்வுலகில் வாழும் இனத்தாருக்கு இலக்கணத்தோடு கூடிய மொழிகளையும் தாமே ஆக்கியளித்தல் அதனினும் அரிது. இருபதாம் நூற்றாண்டில் இச்செயலை மேற்கொண்டு, ஏறக்குறைய அறுபது ஆண்டுக்காலம் அதனைக் கைவிடாது பேணியவர் ஆங்கிலப் பேராசிரியர் ஜே. ஆர். ஆர். ரொல்கீன் ஆவர்.

ரொல்கீன் 1892 ஆம் ஆண்டில், இன்று தென்னாபிரிக்காவில் அடங்கியுள்ள புளூம்பொன்ரெயின் நகரிற் பிறந்து, இங்கிலாந்தில் பேர்மிங்ஹாம் நகரிலும் அதனையடுத்த சிற்றூரிலும் இளமையைக் கழித்தவர். முதலாம் உலகப் போரில், 1916 ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டின் சொம் போர்க்களத்திற் பணியாற்றியபோது காய்ச்சலுற்று நாடு திரும்பினார். நோயுற்றிருந்த அம்மாதங்களிலேயே தம் கற்பனை உலகின் முதற் கதைகளை எழுதலானார். போர் முடிந்தபின் ஒக்ஸ்போர்ட் ஆங்கிலப் பேரகராதிப் பணியில் அமர்ந்திருந்த காலத்தில், 1918 இன் இறுதிக்கும் 1920 க்கும் இடையில், அவ்வுலகின் தோற்றத்தைக் கூறும் கதையை எழுதினார். பகலிற் சொற்களின் பிறப்பை ஆராய்ந்தவரே ஓர் உலகின் பிறப்பையும் எழுதினார் என்பது கருதத்தக்கது. பின்னர் 1925 முதல் 1959 வரை ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கினார். 'ஹொபிற்' என்னும் சிறுவர் நூல் 1937 இலும், 'மோதிரங்களின் அதிபதி' என்னும் பெருங்கதை 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாகவும் வெளிவந்தன. ஆயின் இவற்றுக்கெல்லாம் அடிநிலமாகிய தெய்வ வரலாறு அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. அவர் 1973 இல் மறைந்தபின், மகனார் கிறிஸ்தோபர் ரொல்கீன் கையெழுத்துப் படிகளை ஒழுங்குசெய்து, 1977 இல் அதனைச் 'சில்மரில்லியன்' என்னும் பெயரால் வெளியிட்டார்.

ரொல்கீனின் கதைகளைப் படிப்போர் பலரும் அவற்றை மந்திரக் கதைகள் என்றே கூறுவர். ஆயின் நூலினுள்ளே அச்சொல் ஐயத்திற்குரிய சொல்லாகவே வைக்கப்பட்டிருக்கின்றது. எல்வர் எனப்படும் மூப்பறியா இனத்தார் வழிப்போக்கர் சிலருக்குப் போர்வைகளைப் பரிசாக அளிக்கின்றனர். இவை மந்திரப் போர்வைகளோ என்று இளையவன் ஒருவன் வினவுகின்றான். அவ்வினாவின் பொருள் தமக்கு விளங்கவில்லை என்பதே எல்வர் தரும் விடை. தாம் விரும்பும் அனைத்தின் நினைவையும் தாம் செய்யும் பொருளில் வைத்துச் செய்வதன்றி வேறொன்றும் அறியோம் என்பது அவர் கருத்து. அவர்தம் அரசியாகிய கலாத்ரியெலும் அவ்வாறே வியப்புறுகின்றாள். தன் கைத்திறனையும் பகைவனின் வஞ்சனையையும் ஒரே சொல்லாற் சுட்டுகின்றனரே என்பது அவள் வியப்பு. இவ்விடத்தில் எழும் வினா இதுவே: இவ்வுலகில் மந்திரம் எனப்படுவது யாது? நல்லோர் திறனும் தீயோர் திறனும் ஓரூற்றிற் பிறந்தனவாயின், அவற்றை வேறுபடுத்துவது யாது? விடை காண்பதற்குப் படைப்பின் தொடக்கத்திற்கே செல்லல் வேண்டும்.

தொடக்கத்தில் ஒருவனே இருந்தான் என்கின்றது சில்மரில்லியன். அவன் பெயர் இலூவத்தார். அனைத்திற்கும் தந்தை என்பது அதன் பொருள். அவன் தன் எண்ணத்தினின்றும் ஐனூர் என்னும் தூயோரை முதலிற் பிறப்பித்தான். அவர்களுக்கு இசைக்கருப்பொருள் ஒன்றை உணர்த்தி, அதனை ஒருங்கிசைத்து விரிக்குமாறு பணித்தான். தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியே பாடினர். ஒருவரை ஒருவர் உற்றுக் கேட்கக் கேட்க இசையில் ஒருமை பெருகியது. கேட்டலே ஒருமைக்கு வழி என்னும் இக்குறிப்பு கதையின் தொடக்கத்திலேயே அமைந்திருத்தல் காண்க.

ஐனூருள் ஆற்றலிலும் அறிவிலும் தலைசிறந்தவன் மெல்கோர். பிறருடைய திறன்கள் யாவற்றிலும் அவனுக்குப் பங்கு இருந்தது. எனினும் அவனுக்கு நிறைவு உண்டாகவில்லை. உயிர் தரும் அழியாச் சுடர் எங்குள்ளது என்று வெறுவெளியில் தனித்தலைந்து தேடினான். அச்சுடர் இலூவத்தாரிடமே இருந்தமையின் அவனுக்கு அகப்படவில்லை. தனித்தலைந்தபோது அவன் நினைவுகள் பிறர் நினைவுகளோடு ஒவ்வாதனவாயின, அவற்றை இசையிற் புகுத்தினான், இசை முரணிற்று. அவனை அடுத்திருந்தோருட் சிலர் சோர்ந்தனர். சிலர் அவன் இசைக்கே இணங்கினர். இலூவத்தார் முதலில் முறுவலித்து இரண்டாம் கருப்பொருளையும், முரண் மிக்கபோது மூன்றாம் கருப்பொருளையும் எழுப்பினான். மூன்றாவது, ஆழ்ந்த துயரோடு கலந்ததாய், அத்துயரினின்றே தன் அழகைப் பெற்றதாய் இருந்தது. மெல்கோரின் இசையோ ஒரே ஒலியை ஓயாது மீட்டும் வெற்றாரவாரமாயிற்று. அவ்வாரவாரத்தின் மிக உரத்த ஒலிகளையும் மூன்றாம் இசை தன்னுள் வாங்கிக்கொண்டது.

பின்னர் இலூவத்தார் அவ்விசையை ஐனூருக்குக் காட்சியாகக் காட்டினான். தாம் பாடியது ஓர் உலகின் வரலாறு என்பதை அவர்கள் அப்பொழுதே உணர்ந்தனர். 'ஆகுக' என்னும் பொருள்படும் சொல் பிறந்தது, காட்சி உண்மையாயிற்று. ஐனூருட் பலர் அவ்வுலகின்மேல் வைத்த அன்பினால் அதனுட் புகுந்தனர். அதன் முடிவுவரை அதனோடு பிணிக்கப்பட்டனர். அவருள் தலைமையானோர் வலர் எனப்படுவர். ஆண்பாலார் எழுவர், பெண்பாலார் எழுவர் எனப் பதினால்வர். மெல்கோர் அவ்வெண்ணில் அடங்கான். அவர்க்கு ஏவல் புரியும் சிறு தெய்வங்கள் மையார் எனப்பட்டன. உலகினுட் புகுந்தவர்கள் ஆங்குக் கண்டது முடிந்த உலகமன்று. பாடியதையெல்லாம் இனிச் செய்தே முடித்தல் வேண்டும் என்பதை அறிந்தனர். மலையெழுப்பவும் கடல் தோண்டவும் தொடங்கினர்.

எனவே இவர்களைப் படைப்புத் தெய்வங்கள் என்று கூறுங்கால் ஒரு வரையறை வேண்டும். இல்பொருளை உள்பொருளாக்கும் ஆற்றல் இலூவத்தாருக்கே உரியது. வலர் உள்ளதனை உருவாக்குவோர், ஒழுங்குசெய்வோர். எல்வரும் மாந்தரும் மூன்றாம் இசைக்கருப்பொருளோடு தோன்றியவர்கள். அவர்களைப் படைத்ததில் ஐனூர் எவருக்கும் பங்கில்லை. ரொல்கீன் உறுதியான கத்தோலிக்கர். பழைய வடபுல மக்களின் பல தெய்வக் கதைகளில் திளைத்தவர். அவ்விரண்டையும் ஒருங்கே தழுவும் அமைப்பை இங்ஙனம் கண்டார் எனலாம்.

இங்கு உல்மோ என்னும் நீர்த்தெய்வம் பற்றிய பகுதி குறிப்பிடத்தக்கது. மெல்கோர் நீரின்மேல் கடுங்குளிரை ஏவினான். அதனால் நீர் அழியவில்லை. பனியின் நுண்வடிவங்கள் பிறந்தன. பெருவெப்பத்தை ஏவினான்; முகிலும் மழையும் பிறந்தன. தான் நினைந்ததினும் தன் நீர் அழகியதாயிற்று என்று உல்மோ வியந்தான். கெடுப்போன் செயலும் ஈற்றிற் படைப்பின் அழகிற்கே துணையாகும் என்பது இக்கதையின் அடிப்படைக் கொள்கை. ஆயினும் கெடுதல் கெடுதலன்று என ரொல்கீன் யாண்டும் கூறினாரல்லர். மூன்றாம் இசையின் அழகு துயரினின்று பிறந்தது என்றே கூறினார்.

மெல்கோர் செய்த பிழை யாது? ஆக்க விரும்பியது பிழையாகுமோ? இவ்வினாவிற்கு விடை ஔலே என்னும் கம்மியத் தெய்வத்தின் கதையிற் கிடைக்கின்றது. ஔலே மண்ணுக்கும் பொன்னுக்கும் மணிக்கும் உரிய தெய்வம்; கைத்தொழில் அனைத்திற்கும் ஆசான். இலூவத்தாரின் மக்கள் தோன்றுங்காலம்வரை பொறுத்திருக்க மாட்டாதவனாய், தன் கலையைக் கற்பிக்க மாணாக்கர் வேண்டும் என்னும் ஆவலால், மலையடியில் எவரும் அறியாமல் குறளர் இனத்தின் முதல்வர் எழுவரைச் செய்தான். செய்து முடித்து அவர்களுக்கு மொழி கற்பிக்கத் தொடங்கிய அவ்வேளையில் இலூவத்தாரின் குரல் எழுந்தது. இவ்வுருவங்கள் நீ நினைத்தால் அசையும். உன் நினைவு பிறிதொன்றிற் சென்றால் வாளா நிற்கும். இதனையோ நீ விரும்பினாய் என்பது அக்குரலின் வினா.

ஔலேயின் விடை பணிவும் உண்மையும் உடையது. பிறரை ஆள விரும்பிச் செய்தேனல்லேன். என்னினின்றும் வேறாய உயிர்களை அன்பு செய்யவும் கற்பிக்கவும் விரும்பினேன். தந்தையின் செயலைக் கண்டு விளையாட்டாக அதனைச் செய்யும் குழந்தை தந்தையை இகழ்வதாகாது என்பது அவன் முறையீடு. தன் படைப்பை இலூவத்தாருக்கே ஒப்படைத்தான். பின், மிகைசெய்த தன் கையாலேயே அவற்றை அழிப்பதே முறையெனக் கருதிக் கண்ணீரோடு சம்மட்டியை ஓங்கினான். அப்பொழுது அக்குறளர் அஞ்சி ஒடுங்கித் தலைதாழ்த்தி இரந்தனர். இலூவத்தார் அக்கையுறையை முன்னரே ஏற்றுக்கொண்டுவிட்டான். அவர்களுக்குத் தமக்கென உயிர் உண்டாயிற்று. இன்றேல் அஞ்சி ஒடுங்குதல் எங்ஙனம் கூடும்?

மெல்கோரும் ஔலேயும் இயல்பால் மிக நெருங்கியவர்கள் என்பது நூலின் கூற்று. இருவரும் புதியன ஆக்குவதில் விருப்புடையோர். ஔலே, செய்தலில் இன்புற்றான்; செய்த பொருளைத் தனதெனப் பற்றவில்லை; ஒன்றை முடித்துப் பிறிதொன்றிற்குச் சென்றான். மெல்கோர் எதனையும் தனதாகவே வேண்டினான். ஆகவே படைக்கும் விருப்பம் பிழையன்று. படைத்ததை விடாமையே பிழை. தன் கையினின்றும் விடுவித்தபொழுதே ஔலேயின் பாவைகள் உயிர் பெற்றன. மந்திரத்தை நன்றும் தீதுமாகப் பிரிக்கும் அளவுகோல் இங்கே அமைந்துவிடுகின்றது.

இனி, இத்தெய்வங்கள் உலகில் விட்டுச் சென்ற ஆற்றல் எவ்வடிவில் நின்றது எனின், அது இரு வழிகளில் நின்றது எனலாம். ஒன்று இசை, மற்றையது ஒளி. உலகமே இசையிற் பிறந்ததாகலின், அவ்வுலகில் ஆற்றல் பெரும்பாலும் பாட்டாகவே வெளிப்படுகின்றது. ஒளி தரும் இரு மரங்களும் யவன்னா என்னும் தெய்வப் பெண் பாடப் பாட மண்ணினின்று எழுந்தன. மையார் குலத்துத் தாயின் மகளாகிய லூத்தியென் என்பாள் இறந்தோரின் நடுவனாகிய மாந்தோசின் முன் நின்று பாடினாள். முன்னும் பின்னும் இரக்கத்தால் இளகாத அவன் அன்று இளகினான். இப்பாட்டுகள் மனனஞ் செய்து உருவேற்றும் மறைமொழிகள் அல்ல. 1954 இல் எழுதிய கடித வரைவொன்றில் ரொல்கீன் தம் கதையிலுள்ள இவ்வாற்றல் கல்வியாலோ உச்சாடனத்தாலோ பெறப்படுவதன்று, பிறவியிலமைந்தது என்று விளக்கினார். பொருள்களில் மெய்யாகவே மாற்றம் விளைப்பது, மனத்தை மயக்குவது என அதனை இருவகைப்படுத்தி, இருசாராரும் இருவகையையும் கையாளுகின்றனர். நோக்கமே நன்மை தீமையைத் துணிகின்றது என்றும் எழுதினார்.

ஒளியின் வரலாறு இதனினும் நீண்டது. உலகிற்கு ஒளியூட்ட வலர் முதலில் அமைத்த இரு பெருவிளக்குகளை மெல்கோர் வீழ்த்தினான். பின்னர் மேற்றிசை நாட்டில் வெள்ளொளி தரும் தெல்பெரியோனும் பொன்னொளி தரும் லவுரெலினும் எழுந்தன. எல்வருள் ஒப்புயர்வற்ற கைவினைஞனாகிய ஃபெயனோர் அம்மரங்களின் ஒளியைத் திரட்டிச் சில்மரில் என்னும் மூன்று மணிகளுள் வைத்தான். அம்மணிகள் அவன் ஆக்கமாயினும் அவற்றின் ஒளி அவனுடையதன்று. காலஞ்செல்ல அதனை அவன் மறந்தான். தந்தையும் மைந்தருமன்றிப் பிறர் காணவும் பொறானாய் அவற்றைப் பூட்டி வைத்தான்.

மெல்கோர் மரங்களை அழித்தான், உலகு இருண்டது. சில்மரில்களின் ஒளியிற் சிறிது கிடைப்பின் மரங்களை மீட்பேன் என்றாள் யவன்னா. மணிகளை உடைத்தாலன்றி ஒளியைப் பெறல் இயலாது. சிலர் ஃபெயனோரை விரைந்து விடைகூறுமாறு நெருக்கினர். அவனைப் பொறுமின் என்று தடுத்தவன் ஔலே ஒருவனே. ஆக்கியதை இழத்தல் எத்துணைக் கடிது என்பதை அறிந்தவன் அவனன்றோ! நெடிது எண்ணிய ஃபெயனோர், இத்தகைய செயல் ஒருவனால் ஒருமுறையே கூடும், இவற்றை உடைப்பின் என் நெஞ்சும் உடையும் என்று மறுத்தான். அவன் மறுத்த சிறிது பொழுதில், மெல்கோர் அவன் தந்தையைக் கொன்று மணிகளைக் கவர்ந்து சென்றான் என்னும் செய்தி வந்தது. கொடுக்க இசைந்திருப்பினும் கொடுக்க அவனிடம் மணிகள் இல்லை. ஆயினும் இசைந்திருப்பின் அவனுடைய பிற்செயல்கள் வேறாகியிருக்கலாம் என்று நூல் கூறுகின்றது. பொருள் கையில் இல்லாதபோதும் அதனை விடும் மனம் பொருளுடையது என்பது இப்பகுதியின் நுட்பம். விடமாட்டாத ஃபெயனோர் தன் மைந்தர் எழுவரோடு சூளுரைத்தான், அச்சூளால் உடன்பிறந்த இனத்தார் ஒருவரையொருவர் கொன்றனர், அரசுகள் அழிந்தன.

ஈற்றில் ஒரு மணி கடலில் வீழ்ந்தது. ஒன்று நிலத்தின் நெருப்பிற் புதைந்தது. பிறர்பொருட்டுத் துயருற்றுக் கடல் கடந்து சென்ற ஏயாரெந்திலிடம் இருந்த ஒன்று விண்மீனாக வானில் ஏறியது. பல்லாயிரம் ஆண்டுகள் கழித்து அவ்விண்மீனின் ஒளியைக் கலாத்ரியெல் தன் ஊற்றுநீரில் வாங்கிச் சிறு குப்பியில் அடைத்து, ஃபுரோடோ என்னும் எளியவனுக்குப் பரிசளித்தாள். இருட்குகையில் அவனுக்கும் அவன் தோழன் சாமுக்கும் உதவியது அதுவே. பழங்கதையின் பேரொளியும் தம் கையிலுள்ள துளியொளியும் ஒன்றே, அக்கதை இன்னும் முடியவில்லை என்பதைத் தோட்டக்காரனாகிய சாம் உணருமிடம் நூலின் சிறந்த பகுதிகளுள் ஒன்று. மரத்தினின்று மணிக்கும், மணியினின்று விண்மீனுக்கும், விண்மீனினின்று குப்பிக்கும் வந்த அவ்வொளி படிதோறும் குறைந்தது. ஆயினும் கொடுக்கப்பட்டதனாலேயே எஞ்சியது.

ஒளிக்கு மாறாக மோதிரங்களின் வரலாறு அமைந்துள்ளது. மோதிரங்களின் அதிபதியாகிய சௌரோன் தொடக்கத்தில் ஔலேயின் ஏவலர் கூட்டத்து மையார்களுள் ஒருவன். கைத்திறனை அவனிடமே பயின்றவன். அவன் நல்லோன் வேடம் பூண்டு எல்வர் கொல்லரை அடைந்து மோதிரம் ஆக்கும் நுட்பத்தைக் கற்பித்தான். அக்கொல்லர் தலைவனாகிய கெலெப்ரிம்போர் ஃபெயனோரின் பேரன். பின்னர்ச் சௌரோன் எரிமலை நெருப்பில், தன் ஆற்றலிற் பெரும்பகுதியை வைத்து, ஏனைய மோதிரங்களையெல்லாம் ஆளும் ஒரு மோதிரத்தை மறைவாக வார்த்தான். ஆற்றலைப் பொருளில் வைத்தவன் அப்பொருளுக்கே அடிமையானான்; அது உருகிய அன்று அவனும் ஒழிந்தான். அவனுக்கு ஆசானாகிய மெல்கோர் தன் ஆற்றலை நிலமெங்கும் சிதறி வைத்தான் என்றும், அவ்வுலகம் முழுவதுமே அவனுக்கு மோதிரம் போன்றது என்றும் ரொல்கீன் பிற்காலக் குறிப்பொன்றில் எழுதினார்; அது 1993 இலேயே அச்சில் வந்தது.

தீயோரை மட்டும் குறைகூறி ரொல்கீன் அமையவில்லை. எல்வர்க்குரிய மூன்று மோதிரங்கள் போருக்கோ ஆட்சிக்கோ செய்யப்பட்டனவல்ல. அழகியவற்றை அழியாது காத்தலே அவற்றின் பயன். கலாத்ரியெலின் கானகத்திற் காலம் நின்றுவிட்டது போன்ற மயக்கம் அதனாலேயே உண்டாயிற்று. காத்தல் குற்றமாகுமோ? ஆகும் என்பதே ரொல்கீனின் விடை. எல்வர் மாற்றத்தை வெறுத்தனர். உலகைத் தாம் விரும்பிய ஒரு நிலையிலேயே நிறுத்த விரும்பினர். இறந்த உடலைக் கெடாது பதப்படுத்துவோரை ஒத்தனர் என்று அவர் 1954 ஆம் ஆண்டுக் கடிதமொன்றிற் கடிந்துள்ளார். மெல்கோரின் பற்று வெறுப்பாற் கறுத்தது. எல்வர் பற்று அன்பால் வெளுத்தது. பற்று என்னும் அளவில் இரண்டும் ஒன்றே. இதனாலேதான் பகைவன் கற்பித்த நுட்பம் நல்லோர் கைக்கும் பொருந்திற்று. ஃபுரோடோ ஒரு மோதிரத்தைக் கலாத்ரியெலுக்கே தர முன்வந்தபோது அவள் அதனை மறுத்தாள். அது அழியின் தன் மோதிரத்தின் ஆற்றலும் அதனோடு தன் கானகத்தின் அழகும் மறையும் என்பதை அறிந்தும் மறுத்தாள். ஃபெயனோர் மறுத்தது கொடுக்க. கலாத்ரியெல் மறுத்தது கொள்ள. ஒரே குலத்துப் பிறந்த இவ்விருவரின் இரு மறுப்புகளுக்கிடையே அக்கதையின் நீதி முழுவதும் அடங்குகின்றது.

ஔலேயை நோக்கி எழுந்த வினா பெருங்கதையின் முடிவிலும் வேறு வடிவில் ஒலிக்கின்றது. மோதிரம் அழிந்தவுடன் சௌரோனின் படையிலிருந்த விலங்கொத்த அடிமைகள், தம்மை ஈன்று காத்த தாயெறும்பை இழந்த எறும்புகள்போல அறிவிழந்து சிதறி ஓடின என்பர். ஆள்வோன் நினைவு நீங்கியதும் அவற்றின் செயலும் நீங்கிற்று. தெய்வக் குரல் ஔலேக்கு எடுத்துரைத்த பாவைகளின் நிலையே இது. மறுபுறத்தில், ஔலே விடுவித்த குறளரோ மோதிரங்கள் தரப்பட்டபோதும் சௌரோனுக்கு அடிமைப்பட்டிலர். அவர்களுடைய பொன்னாசை மிகுந்தது உண்மை. எனினும் மாந்த அரசர் ஒன்பதின்மர் நிழலுருவானதுபோல அவர் ஆகவில்லை. விட்டுக் கொடுத்தவன் ஆக்கம் தன்னுரிமையோடு நின்றது. பற்றி ஆண்டவன் ஆக்கம் அவனோடு மாய்ந்தது.

இக்கருத்துகள் கற்பனை உலகிற்கு மட்டும் உரியனவல்ல என்பதை ரொல்கீனே பல இடங்களிற் புலப்படுத்தினார். 1939 ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் சென் அன்றூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய விரிவுரையில், மனிதன் தான் படைக்கப்பட்டவனாதலின் தானும் படைக்கின்றான் என்னும் கொள்கையை நிறுவி, கதை புனைவோனைத் துணைப்படைப்பாளன் என்றார். 1951 அளவில் ஒரு பதிப்பாளருக்கு எழுதிய நெடுங்கடிதத்தில், துணைப்படைப்பாளன் தன் படைப்பிற்குத் தானே கடவுளாக விழைதலும், தன் விருப்பத்தை விரைவில் நிறைவேற்றும் ஆற்றலை நாடுதலும் மந்திரத்திற்கும் பொறிக்கும் இட்டுச் செல்வன என்று விளக்கினார். பொறி என்று அவர் கூறியது இரும்பாலான எந்திரத்தை மட்டுமன்று. அகத்துள்ள ஆற்றலை வளர்ப்பதை விடுத்துப் புறத்துள்ள கருவியாற் பிற பொருள்களையும் பிறர் உள்ளத்தையும் நெருக்கி வசப்படுத்தும் நோக்கத்தையே அவர் அவ்வாறு பெயரிட்டார். எல்வரின் திறனோ கலை. அதன் குறிக்கோள் ஆக்குதலேயன்றி ஆளுதலன்று. தாம் சிறுவராக வாழ்ந்த நாட்டுப்புறம் தமக்குப் பத்து வயது நிரம்புமுன்னரே அழியத் தொடங்கியதை முதுமையிலும் மறவாதவர் அவர். எனினும் தம் கதை அணுக்குண்டையோ உலகப் போரையோ உருவகப்படுத்தியதன்று என்று வற்புறுத்தினார். ஒரு குறித்த நிகழ்ச்சிக்கு உவமையாகாததனாலேயே எக்காலத்து ஆற்றலுக்கும் அது பொருந்துவதாயிற்று.

ரொல்கீனின் சொந்த வாழ்விலும் இவ்வளவுகோலின் சாயல் காணப்படுகின்றது. தம் படைப்பை முற்றும் திருத்தி முடித்த பின்னரே வெளியிடுதல் வேண்டும் என்னும் எண்ணத்தால் வாழ்நாள் முழுவதும் அதனை எழுதியும் அழித்தும் மீள எழுதியும் வந்தார். அவர் மறைந்தபின் மகனார் அதனைப் பொறுப்பேற்று, 1983 முதல் 1996 வரை அவ்வரைவுகளைப் பன்னிரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்தார். தந்தையால் விட முடியாதது பிறர் கையிற் சேர்ந்தபோதே உலகிற்கு உரியதாயிற்று.

பழங்கதைத் தலைவர் பலர் அரும்பொருள் ஒன்றைப் பெறுதற்பொருட்டுப் பயணம் மேற்கொள்வர். ஃபுரோடோ, பெற்றதை இழத்தற்பொருட்டுப் பயணம் செய்தான். அப்பயணத்தின் முடிவில், எரிமலை வாயில் நின்று, அவனும் விட மாட்டாதவனானான், மோதிரத்தைத் தனதென்றான். அதனை அவன் விரலோடு கடித்துப் பறித்த கொல்லம் என்பான், அதனோடு நெருப்பில் வீழ்ந்ததனாலேயே உலகு பிழைத்தது. அக்கொல்லத்தைக் கொல்லாது விட்டது முன்னொருகால் ஃபுரோடோவும் அவனுக்கு முன்னோரும் காட்டிய இரக்கம். விடுதல் தனி மனிதனின் உறுதியால் மட்டும் முடிவதன்று, இரக்கத்தின் துணையும் அதற்கு வேண்டும் என்பதை இம்முடிவு காட்டுகின்றது. கலை பயில்வோரும் பயிற்றுவோரும் தாம் ஆக்கிய பொருளையும் தாம் உருவாக்கிய மாணவரையும் தமதெனப் பற்றி நிற்பரோ, தன்னுரிமையோடு நடக்க விடுவரோ என்பது என்றும் உள்ள வினா. ஔலே ஓங்கிய சம்மட்டியின் கீழ் ஒடுங்கி நின்ற குறளர் எழுவரும் அதற்கு விடையாக நிற்கின்றனர்.